உப்பலில் கிளம்பும் பஸ்

ஹைதராபாத்தில் நான் சேர்ந்த கம்பெனி ஆன்லைன் வகுப்புகளுக்குப் பாடம் தயாரித்து விற்றது. முழுப் பாடமாக அல்ல, துண்டு துண்டாக. ஒரு துண்டை ஒருமுறை செய்துவிட்டால் எந்த நாட்டு வகுப்பிலும் எடுத்துச் செருகலாம். அதனால் அதற்குள் ஊர் இருக்கக்கூடாது, பண்டிகை இருக்கக்கூடாது, சாப்பாடு இருக்கக்கூடாது. எல்லோருக்கும் பொதுவாம். உப்புப் போடாத சோறும் எல்லோருக்கும் பொதுதான், எவன் சாப்பிடுவான்?

எனக்கு வந்த துண்டு சராசரி வேகம். அதற்கான அனிமேஷனில், ஹைதராபாத்தின் உப்பல் பகுதியில் ஒரு பஸ்ஸைக் கிளப்பினேன். அது ஏ.எஸ்.ராவ் நகர் போய்ச் சேர்வதற்குள் டிரைவர் வழியில் நிறுத்தி டீ குடிக்கிறார். நின்ற நேரத்தையும் சேர்த்து வகுத்தால்தான் சராசரி வேகம் வரும். தினமும் அந்த பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

டீம் லீட் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவரும் தமிழர்தான், வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம். ‘வேண்டாம்’ என்பதற்கு ஊர்க்காரர்களைப் போல ‘நக்கோ’ என்பார்.

“உப்பல் நக்கோம்மா. அமெரிக்காவுல எவனுக்குத் தெரியும்? ‘சிட்டி ஏ’ன்னு போடு. டீயும் நக்கோ.”

“டீ இல்லாட்டி பஸ் எதுக்கு சார் நிக்கும்?”

“சும்மா நிக்கட்டும்.”

“நான் நேத்து வந்தவ. நீங்க பொறந்த ஊரு சார் இது.”

அவர் முகம் சுருங்கியது. “சாயங்காலத்துக்குள்ள மாத்து. இல்லாட்டி இந்த ப்ராஜெக்ட்ல நீ இல்ல.”

சீட்டுக்குத் திரும்பினேன். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நான் பள்ளியில் படித்த இங்கிலீஷ் பாடங்களில் எப்போதும் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மதுரை வெயிலில் உட்கார்ந்து அதை மனப்பாடம் செய்தோம். எங்களுக்காக எவனாவது பனியை எடுத்துவிட்டு வெயிலைப் போட்டானா? பார்க்காத பனியை வைத்து நாங்கள் பாஸானோம். பார்க்காத உப்பலை வைத்து அவர்கள் பாஸாகட்டும்.

ஓர் எழுத்தையும் மாற்றாமல், எல்லா டீம்களும் எடுத்துக்கொள்ளும் பொது சர்வரில் ஏற்றிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். பயம் இருந்தது. வேலை போனால் வாடகைக்கு என்ன செய்வது என்று வழி நெடுக யோசித்தேன். ஆனாலும் திரும்பிப் போய் மாற்றத் தோன்றவில்லை.

வேலை போகவில்லை. பாடம் எழுதுவதிலிருந்து தூக்கி டெஸ்டிங்கில் போட்டார்கள். பிறர் செய்ததில் பிழை இருக்கிறதா என்று பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்க்கும் வேலை. எழுத வந்தவளுக்கு அது வலித்தது. என் துண்டை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று லீட் விட்டுவைத்தார். அதற்குள் மற்ற டீம்கள் அதை எடுத்துத் தங்கள் வகுப்புகளில் செருகிவிட்டன. செருகுவதற்குத்தானே செய்தது? இனி மாற்றினால் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும். யார் அலைவது?

சில மாதங்கள் கழித்து, வெளிநாட்டுப் பள்ளி ஒன்றுக்குப் போகவேண்டிய வகுப்பு என்னிடம் சோதனைக்கு வந்தது. திறந்தால் என் பஸ். லீட் பின்னால் வந்து நின்றார்.

“இதுல ஏதாவது தப்பு இருக்கா?”

“இல்ல சார்.”

ஓட்டிக் காட்டினேன். உப்பலில் பஸ் கிளம்பியது. டிரைவர் இறங்கி நிதானமாக டீ குடித்தார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, ‘பிழை இல்லை’ என்பதை அமுக்கினேன்.