பினாங்குத் தீவில் நின்றுபோன பேருந்து

சேலத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளி ஒன்றில் நான் பூகோளம் சொல்லிக்கொடுத்துவந்தேன். என் கணவருக்கு நாமக்கல் சாலையில், புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை இருந்தது. கல்யாணமான புதிதில், வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்றுகொண்டு, என்றைக்காவது ஒரு தீவைக் காட்டுகிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தார். அவர் அதை மறந்துவிட்டார், நான் மறக்கவில்லை. எட்டு வருடம் விடாமல் கேட்டேன். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை விடுமுறையில் குழந்தைகளை என் அக்காள் வீட்டில் விட்டுவிட்டு இருவரும் கப்பல் ஏறினோம். சென்னையிலிருந்து நாகப்பட்டினம், அங்கிருந்து பினாங்கு, கடைசியில் சிங்கப்பூர். அதே கப்பலில் திரும்பி வருவதாக ஏற்பாடு.

சொந்தபந்தம் முழுக்க ஒரே கேள்விதான் கேட்டது. "அங்க ஆரு இருக்கறாங்க? எதுக்குப் போறீங்க?" பார்க்கப் போகிறோம் என்றேன். யாரும் நம்பவில்லை. வியாபார விஷயம் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

நாகப்பட்டினம் கண்ணுக்கு மறைந்ததுமே என் கணவர் படுத்துவிட்டார். கொல்லிமலை அடிவாரத்திலிருந்து மரம் ஏற்றிக்கொண்டு குண்டும் குழியுமான பாதையில் வருபவர், லாரிக் குலுக்கலிலேயே தூங்கக்கூடியவர். அலைக்கு மட்டும் அவர் உடம்பு இணங்கவில்லை. நாங்கள் கொண்டுபோன மாம்பழக் கூடை அறைக்குள் பழுக்க ஆரம்பித்தது. அந்த வாசனையே அவருக்குக் குமட்டியது.

"இதைத் தூக்கி எறி சாமி. இல்லாட்டி என்னையத் தூக்கி எறி" என்றார். என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

எறிய எனக்கு மனம் வரவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு போய் மேல்தளத்தில் இருந்த பயணிகளுக்கெல்லாம் கொடுத்தேன். அப்படித்தான் கப்பலில் பாதிப்பேர் எனக்குப் பழக்கமானார்கள். அவர்களில் சென்னை வக்கீல் ஒருவர். பழத்தை வாங்கிக்கொண்டு, "லாரி முதலாளிக்குத் தண்ணீரில் கண்டம் போலிருக்கிறதே" என்று சிரித்தார். அதன்பின் வேளைக்கு ஒருமுறை அதையே விசாரித்தார்.

பினாங்குக்குக் காலையில் போய்ச் சேர்ந்தோம். துறைமேடையை விட்டுச் சற்று உள்ளே தள்ளிப் பச்சைப்பசேலென்று மலை நின்றது. மாலை ஐந்தரை மணிக்குள் எல்லோரும் திரும்பிவிட வேண்டும், அதற்குப் பிறகு ஏணியை எடுத்துவிடுவோம் என்று கப்பல் அதிகாரி அறிவித்தார். தீவைச் சுற்றிக்காட்ட ஒரு பேருந்து வந்திருந்தது. மரப் பலகையால் பக்கங்களை அடைத்த பழைய வண்டி. தரையில் கால் வைத்ததும் என் கணவர் நிமிர்ந்துவிட்டார். முகத்தில் ரத்தம் ஓடுவது எனக்கே தெரிந்தது. வண்டியில் ஏறுவதற்கு முன் அதன் பலகையைத் தட்டிப் பார்த்து, "நல்ல மரந்தான். ஆணிதான் சரியில்லை" என்றார்.

இருபது பேர் ஏறினோம். துறைமுகத்தில் வாங்கிய வரைபடத்தை நான் மடியில் விரித்துக்கொண்டேன். சாலை முதலில் கடலை ஒட்டிப் போனது. பிறகு மலையேறித் தோட்டங்களுக்குள் இறங்கியது. வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் தீவுகளை வரைந்திருக்கிறேன். வரைந்த ஒன்றின் உள்ளேயே போய்க்கொண்டிருப்பது வேறு. ஒவ்வொரு திருப்பத்திலும் அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே சொன்னேன். நான் சொன்னபடியே ஆறு வந்தது, பாலம் வந்தது. பின்னால் இருந்தவர்கள் என்னிடமே கேட்கத் தொடங்கினார்கள்.

தீவின் மறுபக்கத்தில், பிற்பகல் இரண்டு மணி வாக்கில், பின்னால் துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஓட்டுநர் நடுவயதுச் சீனர். இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். என் கணவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் புகுந்தார்.

"பட்டை உடைஞ்சு போச்சு" என்று அடியிலிருந்தே சொன்னார். அச்சின் மேல் வண்டிப் பாரத்தைத் தாங்குகிற இரும்புப் பட்டைகளில் பெரியது இரண்டு துண்டாகியிருந்தது.

வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "யாரும் வண்டியைத் தொட வேண்டாம். வேறு பஸ் வரும்வரை இங்கேயே இருப்போம்" என்றார்.

"எந்த வழியா வரும்?" என்று கேட்டேன். "இந்த வண்டி நின்னுபோனது துறைமுகத்துல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சு அனுப்பினாலும் வர ரெண்டு மணி நேரம், திரும்பிப் போக ரெண்டு மணி நேரம். கப்பல் நிக்காதுங்க."

அவர் என் கணவரைக் காட்டினார். "அதற்காக இவர் கையில் இருபது உயிரை ஒப்படைப்பதா?"

என் கணவர் வெளியே வந்தார். தலை முழுக்கக் கரி. வக்கீலைப் பார்க்கவேயில்லை. என்னிடம், "ஒரு கட்டை வேணும். முழங்கை நீளம், கெட்டி மரம். அச்சுக்கு மேல முட்டுக் குடுத்துச் சங்கிலியால கட்டிட்டா மெதுவா ஓட்டிரலாம். டிரைவர்கிட்டச் சொல்லு" என்றார்.

ஓட்டுநருக்கு என் ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. ஆனால் என் கணவர் இரண்டு கையாலும் காட்டியது முழுதும் புரிந்துவிட்டது. தலையசைத்து ஜாக்கியையும் சங்கிலியையும் எடுத்துவந்தார். சாலையோரம் ஒரு தோட்ட வீடு. அந்த வீட்டு அம்மாள் எங்களைக் கொல்லைக்குக் கூட்டிப்போய் விறகு அடுக்கைக் காட்டினார். என் கணவர் ஒவ்வொன்றாகத் தூக்கி எடை பார்த்தார், காதருகில் வைத்துத் தட்டினார், நாலைந்தை ஒதுக்கிவிட்டு ஒன்றை எடுத்தார். அவர்களிடமே கோடாலி வாங்கி, ஒரு பக்கம் அச்சும் மறுபக்கம் வண்டிச் சட்டமும் உட்காரும்படி செதுக்கினார்.

காத்திருந்தபோது அந்த அம்மாள் ஒரு மரத்தடிக்கு என்னை அழைத்து, விழுந்துகிடந்த பழத்தைப் பிளந்து காட்டினார். உள்ளே கொட்டையைச் சுற்றி ரத்தச் சிவப்பில் வலை பின்னியதுபோல் இருந்தது. ஜாதிக்காய். குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் கொட்டையைத்தான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் இவ்வளவு சதை உண்டு, அதைச் சர்க்கரையில் ஊறவைத்துத் தின்னலாம் என்பதெல்லாம் அன்றுதான் தெரிந்தது. அப்படி ஊறவைத்ததில் கொஞ்சம் ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். காரமும் இனிப்புமாக நாக்கில் நின்றது.

ஜாக்கியை அழுத்த ஆள் போதவில்லை. என் கணவர் அடியிலிருந்தபடியே, "அந்த கோட்டுப் போட்டவரை வரச் சொல்லுங்க. நல்ல கனமான ஆளு" என்றார். வக்கீல் கோட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்தார். நெம்புகோலை அழுத்தி அழுத்தி அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கிளம்பும்போது மூன்றரை ஆகிவிட்டது. ஓட்டுநர் வந்த வழியே திரும்பப் பார்த்தார். நான் வரைபடத்தை அவர் முன் வைத்துத் தெற்குச் சாலையைக் காட்டினேன். அதில் மேடு குறைவு, தூரமும் குறைவு. இந்தப் பாரத்தோடு பெரிய மலையைத் தாண்டக் கூடாது. அவர் யோசித்தார். கணவரும் ஒருகணம் என்னைப் பார்த்தார்.

"உறுதியாத் தெரியுமா?"

"தெரியுங்க."

உடனே என் கணவர் ஓட்டுநருக்கு அந்தச் சாலையையே கை காட்டினார். மேடு வந்த இரண்டு இடங்களில் எல்லோரும் இறங்கி நடந்தோம். வண்டி எருமை மாதிரி அசைந்து அசைந்து போனது. என் கணவர் படியில் தொங்கிக்கொண்டு கட்டையையே பார்த்துவந்தார். பார்ப்பதாக இருந்த பாம்புக் கோயிலை நிற்காமல் கடந்தோம். துறைமுகத்துக்குள் நுழைந்தபோது ஐந்தேகால்.

ஓட்டுநர் என் கணவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சீனத்தில் நெடுநேரம் பேசினார். இவரும் அவருக்குத் தமிழில், "நாளைக்கே பட்டையை மாத்திருங்க. கட்டையை நம்பி ஓட்டாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வக்கீல் ஏணியருகே நின்று இவருக்கு வழிவிட்டார். "நீங்கள் முதலில் போங்கள்" என்றார்.

கப்பல் நகர்ந்ததும் என் கணவர் மறுபடி படுத்துவிட்டார். ஆனால் இம்முறை அறைக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. ஒருவர் எலுமிச்சை கொண்டுவந்தார், ஒருவர் மாத்திரை. வக்கீல் மனைவி கஞ்சி வைக்கச் சொல்லிச் சமையற்காரரிடம் சண்டை போட்டாள்.

சிங்கப்பூரில் இறங்கியபோது பதினோரு பேர் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். எங்கே போவது, எந்த வழியில் போவது என்பதை நான்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். முந்தின இரவே படம் போட்டு வைத்திருந்தேன். வாடகைக்கு இரண்டு சிறிய பேருந்துகள் வந்து நின்றன. யாரும் ஏறவில்லை, என் கணவரையே பார்த்தார்கள். அவர் சலவை வேட்டியோடு முதல் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். வெளியே வந்து, வேண்டாமென்று தலையசைத்தார். இரண்டாவது வண்டிக்கு அடியில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தார்.

"ஏறுங்க" என்றார். "நீ முன்னாடி உக்காரு சாமி. வழி சொல்லோணுமில்ல."