கல் கட்டாத புடலங்காய்

இன்று காலை பந்தலுக்குள் குனிந்து போய்ப் புடலம் பிஞ்சுகளுக்குக் கல் கட்டினேன். காய் சுருளாமல் நேராக இறங்கினால்தான் சங்கரன்கோவில் மார்க்கெட்டில் எடுப்பார்கள். அதற்காக நுனியில் நூல் சுற்றி ஒரு சிறு கல்லைத் தொங்கவிடுவோம். கல்லைக் கையில் எடுத்தாலே எனக்கு அக்கா ஞாபகம்தான். கூடப்பிறந்தவள் இல்லை, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி.

நான் சிவகிரியில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வளர்ந்தவள், புடலங்காயைக் கூட்டில் மட்டுமே பார்த்தவள். கல்யாணமாகி வந்த முதல் சித்திரையில் கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட்டது. மோட்டார் அரைமணி நேரம் ஓடினால் பெரிது. கொடி வாடுவதற்குள் காயைப் பறித்துவிட வேண்டும் என்று விடியலிலேயே இறங்கினோம். அக்கா வெண்டைப் பாத்தியில் நின்றாள். என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட வேண்டாமா? பந்தல் மூலையில் கல் இல்லாமல் சுருண்டு தொங்கிய மூன்று காய்களையும், யாரோ கட்ட மறந்துவிட்டார்கள் என்று அறுத்துக் கூடையில் போட்டேன்.

அவைதான் விதைக்காய்கள். விற்கிற காய்க்குத்தான் கல். விதைக்கு விட்டது பழுத்துச் சிவக்கும்வரை ஒருவரும் தொட மாட்டார்கள். இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் என்னிடம் யாரும் சொல்லவில்லை. இருந்த விதையெல்லாம் ஊன்றியாயிற்று, இன்னொரு காயைப் பழுக்கவிடத் தண்ணீரும் கிடையாது. அதுவோ மாமனாருடைய தாத்தா காலத்து விதை. மாமனார் அதை வெளியாளுக்கு ஒன்றுகூடக் கொடுத்ததில்லை.

"என்னட்டி செஞ்சிருக்கே" என்று அக்கா ஒரு தடவைதான் கேட்டாள். நான் அழுதுவிட்டேன். "அழாதட்டி. மாமாட்ட மூச்சு விடாத. நான் பாத்துக்கிடுதேன்."

அவள் பிறந்த ஊர் பனவடலிசத்திரம். அங்கே இருக்கும் தன் அண்ணனோடு ஏதோ சண்டை. அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று ஆறு வருஷமாக வீம்பு. லேசுப்பட்ட வீம்பா? அண்ணன் மகள் சடங்குக்கே போகாதவள். அந்த மனுஷி எனக்காக உச்சி வெயிலில் பஸ் ஏறிப் போய், அண்ணனிடம் புடலை விதை கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

"என்னக்கா சொன்னாங்க?"

"என்ன சொல்லுவான்? சாப்பிட்டுட்டுப் போன்னான். சாப்பிட்டேன்."

கண் ஆபரேஷன் முடிந்து வீட்டோடு கிடந்த மாமாவிடம், விதைக்காயைத் தானே அறுத்துக் காயப்போட்டதாகச் சொல்லிவிட்டாள். ஆடியில் அவள் அண்ணன் கொடுத்த விதையைத்தான் ஊன்றினோம். அதற்குப் பிறகு மாமா விதைப் பெருமை பேசும்போதெல்லாம் அக்கா அடுப்பைப் பார்ப்பாள், நான் சிரிப்பை அடக்க அவள் இடுப்பைக் கிள்ளுவேன்.

அக்கா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் மாமா பந்தலடியில் நின்று காய் வாங்க வந்தவரிடம் சொன்னார்: "எங்க தாத்தா காலத்து விதைல்லா. இந்த ருசி வேற எதுக்கும் வராது."

கிள்ளுவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. "ஆமா மாமா" என்றேன்.

மூலையில் தொங்கும் மூன்று பிஞ்சுகளுக்கு மட்டும் கல் கட்டவில்லை. அவையும் பனவடலிக்காரிகள்தானே, தங்கள் வீம்புக்குச் சுருளட்டும்.