வில்லடீன் சொன்ன இடம்

பைனி ஃபோர்க் ஏரியில் தூண்டில் போடுகிறவர்களில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் வில்லடீன் க்ராப்ட்ரீ. அவளைத்தான் ஊர் பொய்க்காரி என்றது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கொஞ்சம் ஆறப்போட்டு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறவில்லை.

வில்லடீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நான் ஒலீட்டா, படகுத்துறைக் கடைக்காரி. இரைமீன், ஐஸ், பெட்ரோல், நேற்றைய ரொட்டியில் செய்த இன்றைய சாண்ட்விச் எல்லாம் என்னிடம் கிடைக்கும். எல்லாப் படகும் என் கடை வாசலில்தான் வந்து கட்டும். அதனால் இந்த ஏரியைப் பற்றிச் சொல்லப்படும் பொய்களில் முக்கால்வாசி என் கல்லாவுக்கு எதிரில்தான் சொல்லப்படுகின்றன.

இங்கே மீனை எங்கே பிடித்தோம் என்று யாரும் உள்ளதைச் சொல்வதில்லை. "எங்கப்பா பிடிச்சே?" என்றால், "மீனோட வாயிலதான்" என்பார்கள். ரொம்ப நெருங்கிய சொந்தம் என்றால், "பாலத்துப் பக்கம்" என்பார்கள். பாலத்துப் பக்கம் என்றால் பாலத்துப் பக்கம் இல்லை என்று அர்த்தம். தேவாலயத்தில் உண்டியல் தட்டு ஏந்துகிற ஆள்கூட இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்.

அதிலும் கிராப்பி மீன் விஷயத்தில் யாருக்கும் ஈவிரக்கம் கிடையாது. வசந்த காலத்தில் முட்டையிடக் கரையோரம் வரும்போது அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கலாம். சோளமாவில் புரட்டிப் பொரித்தால் தட்டில் முள்தான் மிஞ்சும். கோடை பிறந்ததும் ஏரி கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். சட்டைப் பொத்தான் விழுந்தால் அது இறங்கிப் போவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். கிராப்பியை மட்டும் எங்கும் காணோம். ஆண்கள் இருட்டோடு எழுந்து, மீன் ஒதுங்கட்டும் என்று ஓடை முகங்களில் தாங்கள் வெட்டிப் போட்டு முக்கிய தேவதாரு மரங்களைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். வெயில் ஏறியதும் வெறும் பெட்டியோடு திரும்பி, "சூடு தாங்காம மீன் வாய மூடிக்கிச்சு" என்று என் கடையில் காப்பி குடிப்பார்கள்.

வில்லடீனுக்கு அதிகாலை என்றாலே ஆகாது. பள்ளி நடக்கும் மாதமெல்லாம் சேவலுக்கு முன்னால் எழுந்து பேருந்தைக் கிளப்புகிறவள், கோடை விடுமுறையில் யாருக்காகவும் எழ மாட்டாள். எழுந்து, குளித்து, படகில் ஏறும்போது உச்சி வெயில் வந்துவிடும். ஒருநாள் சாப்பிட நிழல் தேடி, அணைக்குப் பக்கத்தில் இருக்கும் செங்குத்துப் பாறையடிக்குப் போனாள். கீழே எவ்வளவு ஆழம் என்று யாரும் அளந்து பார்க்காத ஆழத்தண்ணீர் அது. தூண்டிலைச் சும்மா தொங்கவிட்டு சாண்ட்விச்சைப் பிரித்தாள். கடித்த வாயை மூடுவதற்குள் நூல் தளர்ந்தது, மீன் இரையை எடுத்திருந்தது. அன்றைக்கு அந்தச் சாண்ட்விச்சை அவள் சாப்பிடவே இல்லை.

துறைக்கு வந்ததும் பெரியவர் ஹர்ஷல் அவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஓய்வுபெற்ற முடிதிருத்துநர். ஊர்வம்பெல்லாம் அவர் வாயில்தான் பிறக்கும்.

"ஏம்மா, எங்க பிடிச்சே இவ்வளவும்?"

"பாறையடியில பெரியவரே. கரையிலிருந்து ரெண்டு படகு தூரம் தள்ளி. இருபத்தாறு அடி ஆழத்துல நிக்குது. உச்சி வெயில்ல போங்க, அப்பத்தான் எடுக்குது."

ஹர்ஷல் மற்றவர்களைப் பார்த்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"யாருக்கும்மா காது குத்தறே? உச்சி வெயில்ல, ஆழத்தண்ணியிலயா? ரீலு கையில இருக்குன்னு இப்படியா ரீல் விடறது!"

அன்றைக்கு அவளும் சிரித்தாள். ஆனால் ஒவ்வொரு கோடையும் இதே கூத்து நடந்தது. அவள் மீனோடு வருவாள், அவர்கள் கேட்பார்கள், அவள் உள்ளதைச் சொல்வாள், அவர்கள் சிரிப்பார்கள். நம்பவில்லையே என்று இன்னும் விவரமாகச் சொன்னாள். மேல்தண்ணீர் வெந்நீராகக் கொதிக்கிறது, அடித்தண்ணீரில் மூச்சு முட்டுகிறது, அதனால் மீன் இரண்டுக்கும் நடுவில் அந்தரத்தில் நிற்கிறது என்றாள். தன் தூண்டில் நூலில் நகப்பூச்சால் போட்ட சிவப்புக் குறியைக் காட்டினாள். விவரம் கூடக் கூட அவர்களுக்குச் சந்தேகம்தான் கூடியது. இவ்வளவு ஜோடித்துச் சொல்கிறாள் என்றால் எவ்வளவு பெரிய இடத்தை மறைக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

"மீனு எனக்குப் போதும் ஒலீட்டா. ஃப்ரீசர்ல இடமில்ல. நான் சொல்றத ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, சரின்னு கேட்டாப் போதும்" என்று என்னிடம் பொருமுவாள்.

அப்படிக் கேட்டிருக்க வேண்டிய ஆள் ராய்ஸ் லெட்பெட்டர். வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றிப்போய் மீன் பிடித்துக் கொடுப்பது அவன் தொழில். வில்லடீனோடு ஒன்றாகப் படித்தவன். கோடையில் அவன் வாடிக்கையாளர்கள் வெயிலை மட்டும் பிடித்துக்கொண்டு திரும்புவார்கள். அந்த வயிற்றெரிச்சலில், ஜூலை நான்காம் தேதி தீயணைப்புத் தொண்டர்கள் நடத்திய மீன் விருந்தில் வாயைத் திறந்தான். அன்றைக்குப் பொரிந்துகொண்டிருந்த மீனில் பாதி வில்லடீன் கொடுத்தது. அதையே தின்றுகொண்டு சொன்னான்.

"தூண்டில்ல இவ்வளவு வராது. ராத்திரில திருட்டு வலை போடறா."

நாக்கில் நரம்பில்லாதவன் பேச்சு. மறுவாரமே பள்ளி அலுவலகத்தில் அவளைக் கூப்பிட்டு, சிரித்துக்கொண்டேதான், ஆனாலும் கேட்டார்கள். யாரோ ஒரு தாய், 'பொய்க்காரி கையில் பிள்ளையை எப்படி விடுவது' என்று புலம்பினாளாம். தன் பேருந்தில் ஒரு பிள்ளைக்கு முழங்கால் சிராய்த்தாலும் வீடுவரை போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வருகிறவளைப் பற்றி இப்படி!

அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்தாள். ராய்ஸ் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தான். அவன் முன்னால் போய் நின்றாள்.

"நாளைக்கு மத்தியானம் என் படகுல ஏறு. வலை எங்க இருக்குன்னு நீயே பாரு. ஒலீட்டாவும் வருவா, சாட்சிக்கு."

"வெயில்ல கருவாடாகணும்னு எனக்கென்ன வேண்டுதலா?"

"பயமா இருக்கா?"

ஹர்ஷல் உட்பட நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராய்ஸுக்கு வேறு வழியில்லை.

மறுநாள் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு நானும் போனேன். பாறையடியில் வில்லடீன் படகை நிறுத்தி, இரைமீனின் உதட்டில் முள்ளை ஏற்றி, சிவப்புக் குறி தண்ணீரைத் தொடும்வரை நூலை விட்டாள். ராய்ஸும் அதே போல விட்டான். அவன் கண் மட்டும் வலையைத் தேடிப் படகு முழுக்க மேய்ந்தது.

"நூல் இழுக்காது, தளரும்" என்றாள் அவள். "மீனு கீழேருந்து வந்து இரையைத் தூக்கிக்கிட்டு மேல போவும். அப்போ..."

"எனக்குச் சொல்லித் தராதே. இது என் பொழப்பு."

அவன் நூல் தளர்ந்தது. பெரிய மீனை அடிக்கிற பழக்கத்தில் வெடுக்கென்று சொடுக்கினான். கிராப்பியின் உதடு காகிதம் மாதிரி, கிழிந்து போய்விட்டது. இரண்டாவதும் போனது. வில்லடீன் தன் கழியை மெல்லத் தூக்கி, இரண்டு கை சேர்த்தால்தான் பிடிபடும் அகலத்தில் ஒன்றை எடுத்துப் பெட்டியில் போட்டாள். மூன்றாவதற்கு ராய்ஸும் மெல்லத் தூக்கினான். அதற்குப் பிறகு இரையை மாட்டவும் மீனைக் கழற்றவும் அவன் கைக்கு நேரம் போதவில்லை. சட்டம் அனுமதிக்கும் அளவை அடைந்து வில்லடீன் போதும் என்றபோது, "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று கெஞ்சினான்.

திரும்பும்போது வில்லடீன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவள் பாடி அன்றைக்குத்தான் கேட்டேன். ஊர் நம்புகிற ஆள் ஒருவன் அவள் சொன்னதைக் கண்ணால் பார்த்துவிட்டான். இனி அவன் வாயைத் திறந்தால் போதும்.

திறந்தான். துறையில் கூட்டம் காத்திருந்தது. பெட்டியைத் தூக்கிக் காட்டியதும் ஹர்ஷல் கேட்டார்.

"எங்கப்பா பிடிச்சீங்க?"

ராய்ஸ் கண்கூட இமைக்கவில்லை. "மேற்கு ஓடையில, முங்கிக் கிடக்கிற தேவதாருல. பத்தடி ஆழம். வலையெல்லாம் ஒண்ணுமில்ல, அத நானே பாத்துட்டேன். ஆனா இந்தப் பாறைக் கதை..." என்று தலையை ஆட்டிச் சிரித்தான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வில்லடீன் அவன் முன்னால் பாய்ந்தாள்.

"டேய் ராய்ஸ்! பாறையடியில, இருபத்தாறு அடியில இப்பத்தானடா பிடிச்சே!"

"விடும்மா" என்றார் ஹர்ஷல், ஏதோ பெருந்தன்மையாக. "அவனே உடைச்சுச் சொல்லிட்டான், இன்னும் என்னத்துக்கு மூடி மறைக்கிறே?"

"நான் கூட இருந்தேன் பெரியவரே!" என்று நான் கத்தினேன். "பாறையடிதான்! என் கண்ணால பாத்தேன்!"

"நீங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை தேவாலயத்துல ஒரே பெஞ்சுல உக்கார்றவங்க. நீ வேற என்ன சொல்லுவே?"

மறுநாள் விடிவதற்குள் மேற்கு ஓடையில் படகு நிறுத்த இடமில்லை. ஒருவருக்கும் ஒரு செதில்கூடக் கிடைக்கவில்லை. மீன் இடம் மாறிவிட்டது என்று சொல்லிக்கொண்டார்கள். அப்போதும் ராய்ஸை யாரும் பொய்யன் என்று சொல்லவில்லை.

வில்லடீன் அழுது பார்த்தவள் இல்லை நான். அன்றும் அழவில்லை. பேருந்துக் கொட்டகையிலிருந்து மஞ்சள் பெயிண்டும், வீட்டிலிருந்து இரட்டைக் கட்டில் விரிப்பும் எடுத்துவந்து, என் கடைத் தரையிலேயே விரித்து எழுதினாள். 'கிராப்பி இங்கே. 26 அடி. உச்சி வெயிலில் வரவும். வில்லடீன் க்ராப்ட்ரீ.' அதைப் பாறை மேல் இருந்த இரண்டு மரங்களுக்கு நடுவில் இழுத்துக் கட்டினாள். அணைவரை தெரிந்தது.

அதற்குக் கீழேயே படகை நிறுத்தி தினமும் மீன் பிடித்தாள். கடந்துபோன படகுகளில் இருந்தவர்கள் கையாட்டிச் சிரித்துவிட்டு ஓடைக்குப் போனார்கள். தன் இடத்தைக் காப்பாற்ற என்ன மூளை பார் என்று மெச்சினார்கள்கூட. ராய்ஸுக்குத்தான் நரகம். மீன் இருக்கும் இடம் தெரியும், வாடிக்கையாளர்கள் வெறும் கையோடு திட்டிக்கொண்டு போகிறார்கள், ஆனாலும் அந்த விரிப்புக்குக் கீழே அவன் படகை யாராவது பார்த்துவிட்டால் அவன் சொன்னது பொய் என்றாகிவிடும். கடந்து போகும்போது பாறைப் பக்கம் திரும்பாமல் போவான். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் நானும் இந்த ஊர்க்காரி ஆகிவிடுவேன்.

ஆகஸ்டில் அயோவாவிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வாடகைப் படகில் போனார்கள். சாயங்காலம் பெட்டி நிறைய மீனோடு வந்து நின்றார்கள்.

"இவ்ளோ கிரேப்பி நாங்க பாத்ததே இல்லைங்க!" என்றாள் அந்த அம்மா. கிராப்பியைக் கிரேப்பி என்றால் எங்கள் காதில் 'மட்டச் சரக்கு' என்ற வசவாக விழும். அன்றைக்கு யாரும் திருத்தவில்லை.

"எங்கங்க பிடிச்சீங்க?" என்றார் ஹர்ஷல்.

அந்த மனிதர் விழித்தார். "எங்கன்னா? அங்கதான் பெருசா எழுதி வச்சிருக்கே. மத்தியானம் வரச் சொல்லி வேற போட்டிருந்துச்சு, போனோம்."

மறுநாள் உச்சி வெயிலில் பாறையடியில் படகுக்குப் படகு உரசியது. எல்லோரும் பெட்டி நிறையக் கொண்டுவந்து என் கடையில் குவிந்தார்கள். வில்லடீனும் வந்து ஓரமாக நின்றாள். ஒரு வார்த்தை வரும் என்று நின்றாள். நானும் அதற்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

ஹர்ஷல்தான் ஆரம்பித்தார். "இத்தன வருஷமா இந்த இடத்த நம்மகிட்ட மறைச்சிருக்கா பாரேன். என்ன நெஞ்சழுத்தம்!"

"சொந்த ஊர்க்காரனுக்குச் சொல்லாம, அயோவாக்காரனுக்குச் சொல்லியிருக்கா" என்றார் இன்னொருவர்.

ராய்ஸ் பெருமூச்சு விட்டான். "எனக்கு அன்னிக்கே தெரியும்ப்பா. வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. நான் என்ன செய்ய?"

எல்லோரும் அவனைப் பாவமாகப் பார்த்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றியவனாம்!

மறுநாளைக்கு இரைமீன் வாங்க அத்தனை பேரும் வாளியோடு நின்றிருந்தார்கள். என் பின்னால் தொட்டியில் இரைமீன் கொசகொசவென்று மொய்த்துக்கொண்டிருந்தது. நான் தொட்டியை மறைத்து நின்று சொன்னேன்.

"இரைமீன் தீந்துபோச்சு. இந்த வாரம் வராது. கெளம்புங்க."

யாரும் தொட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள்.

அப்போதுதான் வில்லடீனால் பொறுக்க முடியவில்லை. நான் சொன்ன பொய்யைக்கூட அவள் சும்மா விட மாட்டாள்.

"இருக்கு! தொட்டி நெறைய இருக்கு, வந்து வாங்கிக்கங்க!" என்று கத்தினாள்.

ஹர்ஷல் வாசலில் நின்று சிரித்தார்.

"பாத்தியா, மறுபடியும் ரீல் விட ஆரம்பிச்சுட்டா" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.