சுவருக்குச் சீலை கட்டலாம்

கலியாண வீடியோக்காரனுக்குக் கேமரா பாரமில்ல. 'இத எடு, அத எடுக்காத' எண்டு ஊட்டுக்காரர் சொல்றதுதான் பாரம். கேமராவத் தூக்கித் தோள் கழண்ட என்ட சகோதரங்களே, உங்களுக்குத் தெரியாததா? தொண்ணூறுகள்ல சாய்ந்தமருதுல ஒரே குடும்பத்துட்ட நான் பட்ட பாட்டக் கேளுங்க.

பூசாத சுவர்

றபீக் சவூதியில உழைச்சுத் தங்கச்சி மஸீனாவுக்குச் சீதன ஊடு கட்டினான். வேலையப் பாத்துக்கொண்டவர் தாய்மாமன் ஆதம்பாவா. கலியாணத்துக்கு முதல் ஊட்டப் படமெடுத்து றபீக்குக்கு அனுப்பணும். நான் போய்ப் பாத்தா ஹோல் சுவர் இன்னும் பூசல்ல, கல்லுக் கல்லாத் தெரியுது. மாமா பட்டுச் சீலையொண்ட விரிச்சுச் சுவரில கட்டி, முன்னால பிளாஸ்டிக் பூச்சாடியும் வெச்சிட்டார். காத்தடிச்சாத் தெரிஞ்சிடுமே எண்டன்.

"அவன் சவூதியில இருந்து சீலையத் தூக்கியா பாக்கப் போறான்? நீங்க எடுங்க தம்பி."

பழைய கெசட்

அடுத்த கிழமை மாமா ஒரு பழைய வீடியோ கெசட்டோட கடைக்கு வந்தார். ஆர்ட்டயோ கலியாணத்துல றபீக்ட உம்மா சிரிச்சுக்கொண்டு வட்டிலப்பம் பரிமாறுறா. இத மஸீனாட கலியாண வீடியோவுக்குள்ள சேக்கணுமாம். அந்த உம்மா மௌத்தாகி, அடக்கம் பண்ணி மாசக்கணக்கு! றபீக்குக்கு ஆரும் சொல்லல்ல. சொன்னா வேலைய விட்டுட்டு வந்திடுவான், ஊடும் கலியாணமும் நிண்டிடும் எண்டு மாமாக்குப் பயம்.

றபீக் அனுப்புற ஒவ்வொரு பேச்சுக் கெசட்டுலயும் உம்மாக்குச் சலாம் சொல்லுவானாம். "உம்மாவும் உனக்குச் சலாம் சொன்னா" எண்டு மாமா பதில் பதிஞ்சு அனுப்புவாராம். சலாம் எண்டா அமானிதம், உரிய ஆளுட்டச் சேக்கணும். மௌத்தான மனிசிட பேரில சலாமா? எனக்குக் கோபம் வந்திட்டு. செய்யவே மாட்டன் எண்டு கெசட்டத் திருப்பிக் குடுத்தன்.

"நீ வீடியோ எடுக்கிறயா, மௌலவி மாதிரிப் பத்வா குடுக்கிறயா?"

மணப்பொண்ணு

வேற கேமரா கிடைக்காம கடைசியில என்னத்தான் கூப்பிட்டாங்க. சோடிச்சு இருந்த மஸீனா, நானா றபீக்கோட கதைக்கிற மாதிரி நேரே கேமராவப் பாத்தா. "காக்கா, உங்களுக்குப் பொய் சொல்லிப் போட்டு இந்த ஊட்டுல என்னால குடியிருக்க ஏலா. உம்மா மௌத்தாகிட்டா" எண்டா. சுத்தியிருந்த பொம்பிளைகள் ஓவெண்டு அழுதிட்டாங்க. மாமா ஓடி வந்து, அந்த இடத்த வெட்டச் சொல்லி என்ட கையப் புடிச்சார். நான் கேமராவ நிப்பாட்டல்ல. மஸீனா எழும்பி நிண்டா.

"வெட்டினா மாமா, இந்தக் கலியாணக் கதிரையில நான் இருக்க மாட்டன்."

றபீக்

கெசட் வெட்டாமத்தான் போச்சு. கொஞ்ச நாளைக்குப் பிறகு றபீக் வந்து இறங்கினான். உம்மாவ அடக்கின மையவாடிக்குப் போய்க் கபுறடியில நிண்டுபோட்டு, மாமாவயும் கூட்டிக்கொண்டு நேரே என்ட கடைக்கு வந்தான். ஏச்சு விழப்போகுது எண்டு நெஞ்ச நிமித்திக்கொண்டு நிண்டன். அவன் என்ட கையப் புடிச்சு, "நீங்கதான் வெட்டாம அனுப்பின, அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும்" எண்டான். பிறகு என்ட முன்னுக்கே மாமாட்டத் திரும்பினான். கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு.

"உம்மாட சலாமெண்டு அனுப்பினீங்களே மாமா, ஒவ்வொண்டுக்கும் எழும்பி நிண்டு பதில் சொன்னனே. அது ஆருக்கு மாமா சொன்ன?"

அண்டையில இருந்து இண்டைக்கு வரைக்கும் என்ட கடையில ஒரே சட்டம்: சுவர மறைக்கச் சீலை வேணுமெண்டா நானே கட்டித் தருவன், மௌத்த மறைக்க வேற கேமராக்காரனப் பாருங்க.