முன்கூட்டி வாங்கிய மொய்

புருல் அக்கா கையுறைக்குப் பதிலாகப் பழைய கம்பளிக் காலுறை ஒன்றை வலக்கையில் மாட்டிக்கொண்டு, கரிக்கட்டி ஒவ்வொன்றையும் எடுத்து, எடை பார்ப்பதுபோல் ஒருமுறை குலுக்கி, பிறகுதான் அடுப்புக்குள் போடுகிறார். கட்டி பெரிதாக இருந்தால் சுத்தியலால் உடைத்து, ஒரு பாதியைத் திரும்ப வாளியில் வைத்துவிடுவார். கோமுஸ் வாத்தியத்தின் மூன்று தந்திகள்மேல் விறைத்த விரல்களை வைத்துக்கொண்டு பிள்ளைகள் அந்த வாளியையே பார்த்திருப்பார்கள். "அடுப்பைப் பாத்தா ராகம் வராது, தந்தியைப் பாருங்க" என்பார், திரும்பாமலே.

பழைய கலாச்சார மாளிகையின் பின்பக்கத்து இரண்டு அறைகள்தான் எங்கள் சங்கம். ஒன்றில் பிள்ளைகளுக்கு கோமுஸும் பழைய காவியப் பாட்டும் சொல்லித்தருகிறார்கள். இன்னொன்றில் வியாழக்கிழமைதோறும் வயதானவர்கள் கூடி, இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு, நாற்காலியைப் பிடித்தபடி முழங்காலை மடக்கி நீட்டுவார்கள். வீட்டில் தனியாக இருக்க முடியாதவர்கள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்துவிட்டுப் போகவும் அதுதான் இடம். போன வசந்தத்தில் என் மனைவி இறந்தபிறகு நானும் போகிறேன். கேட்பவர்களிடம் முழங்கால் வலி என்று சொல்கிறேன்.

அக்கா கூட்டுப்பண்ணை இருந்த காலத்தில் கம்பளி எடைபோட்டவர். பண்ணை போய்விட்டது, தராசும் போய்விட்டது, கை மட்டும் எடை பார்ப்பதை விடவில்லை. ரொட்டி, சர்க்கரை, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை எதைக் கொடுத்தாலும் ஒருமுறை உள்ளங்கையில் ஏற்றி இறக்குவார். சங்கம் தொடங்கிய நாளில் பணத்தை யார் வைத்துக்கொள்வது என்று கேட்டபோது எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அதற்குப்பிறகு யாரும் வேறு பக்கம் பார்க்கவேயில்லை. "ரெண்டு வருஷம்னு சொன்னீங்க" என்று ஆண்டுக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிப்பதில்லை.

எங்கள் ஊரில் விருந்தாளிக்கு டீயைக் கால் கோப்பைதான் ஊற்றுவோம். தீரத் தீர ஊற்றினால்தான் அவர் இருப்பதில் நமக்கு ஆசை. நிரப்பிக் கொடுத்துவிட்டால் எழுந்து போகலாம் என்று பொருள். இந்த வழக்கத்தைப் புருல் அக்கா சந்தா வசூலுக்குப் பயன்படுத்துகிறார். மூன்று மாதம் பாக்கி வைத்தவருக்குக் கோப்பை விளிம்புவரை வரும். அவர் முகம் சிவந்து பையில் கையை விடும்வரை அக்கா பேச்சை வானிலையைப் பற்றியே வைத்திருப்பார்.

அப்படிப்பட்ட அக்காதான் இந்த வருடம் சங்கத்தையே கவிழ்க்கப் பார்த்தார். தலைநகரில் ஓர் அலுவலகம் போன கோடையின் தொடக்கத்தில் எங்களுக்கு உதவித்தொகை கொடுத்தது. குளிர்காலக் கரிக்கும் கோமுஸ் ஆசிரியர் ரிஸ்பெக்கின் சம்பளத்துக்கும் அதுதான். வங்கியில் வைப்போம் என்று அக்கா கையெழுத்தும் போட்டார். போட்டுவிட்டு வெளியே வந்து, நேராகச் சந்தைக்குப் போய், முழுப் பணத்துக்கும் ஆடு வாங்கி ஒரு மேய்ப்பனோடு மலைக்கு அனுப்பிவிட்டார். எங்களில் ஒருவருக்கும் அது தவறாகப் படவில்லை. கையில் பணம் இருந்தால் குளிர்காலம்வரை அதை நாங்களும் அப்படித்தான் வைத்திருப்போம். வங்கியில் இருக்கிற பணம் குட்டி போடுவதில்லை.

ஆகஸ்டில் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கணக்குப் பார்க்க வந்தாள். நல்ல பெண், எல்லோருக்கும் மிட்டாய் கொண்டு வந்திருந்தாள். மீதிப் பணம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அக்கா ஜன்னலைத் திறந்து, ஆற்றுக்கு அப்பால் பனி உருகாத உச்சிகளைக் கைகாட்டினார்.

"அதோ மேல. மேயுது."

அந்தப் பெண் மூன்று முறை திரும்பக் கேட்டாள். பிறகு கடிதம் வந்தது. முழுத் தொகையையும் இலையுதிர் காலத்துக்குள் திருப்பித் தர வேண்டும். இலையுதிர் காலத்தில்தான் எல்லோரும் மந்தையை இறக்கி விற்பார்கள், அப்போதுதான் ஆட்டு விலை தரையில் கிடக்கும். அக்கா தாயையும் குட்டியையும் சேர்த்து விற்றார். தொகை சரியாகத் தேறியது. அதற்குமேல் ஒரு வாளிக் கரிக்குக்கூடத் தேறவில்லை. அலுவலகத்தின்மேல் நாங்கள் கோபப்பட்டபோது அவர் தடுத்தார். "கையெழுத்து என்னோடது. ஆட்டை வாங்கினதும் நான்தான். அந்தப் பொண்ண ஏன் திட்டறீங்க."

மாளிகையின் இயக்குநர் மரியாதைக்காரர். அக்காவைத் தனியாக அழைத்து, அடுப்பு எரியாத அறையில் பிள்ளைகளை உட்காரவைக்கத் தன்னால் அனுமதி தர முடியாது என்றார். பில்லியர்ட்ஸ் மேசை போட ஒருவர் அந்த இரண்டு அறைகளையும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதையும் சொன்னார். மாத முடிவுக்குள் கொட்டகையில் கரி இல்லையென்றால் சாவியைத் தந்துவிட வேண்டும். அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினார். கடை வைத்திருப்பவர்கள் தட்டு நிறைய பொரித்த மாவுருண்டை வைத்து உபசரித்தார்கள். கை இப்போது இறுக்கமாக இருக்கிறது என்றார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை.

முதல் பனி விழுந்த வாரம் எங்கள் தெருவில் ஒரு முதியவர் இறந்தார். கை இறுக்கமாக இருந்த அத்தனை பேரும் வந்தார்கள். ஆடு வந்தது, ஒரு குதிரை வந்தது, பெண்கள் தலைத்துணி முனையில் முடிந்த நோட்டுகளைக் கொண்டுவந்தார்கள். சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போவதைவிடக் கடன் வாங்கிக்கொண்டு போவது எங்களுக்குச் சுலபம். இன்று நாம் வைக்கிற மொய் நாளை நம் வீட்டுச் சாவுக்குத் திரும்பி வந்து, ஊருக்குச் சோறு போடும். பெண்கள் பக்கத்து மொய்யை வாங்கி வைக்க எப்போதும்போல் புருல் அக்காவைத்தான் உட்கார வைத்திருந்தார்கள். திரும்பி வரும்போது அவர் என்னோடு நடந்து வந்தார். பாதி வழியில் நின்று, வெறும் உள்ளங்கையை ஒருமுறை ஏற்றி இறக்கினார்.

"ஒரே மத்தியானம்" என்றார் பிறகு. "ரெண்டு குளிர்காலத்துக்குக் கரி வாங்கலாம்."

அடுத்த வியாழன், முழங்கால் பயிற்சி முடிந்து டீ குடிக்கும்போது, கறிக்கடை ஜோல்டோஷிடம் மிகச் சாதாரணமாகக் கேட்டார்.

"ஜோல்டோஷ், நான் செத்தா என்ன கொண்டாருவ?"

ஜோல்டோஷ் வாய்க்கு வாய் பேசுகிறவன். அன்று கடித்த ரொட்டியைத் தட்டில் திரும்ப வைத்தான். "என்ன பேச்சுக்கா இது. நீ நூறு வருஷம் இருப்ப."

"நூறு வருஷத்துக்குக் கரி நீயா தரப்போற. கேட்டதுக்குச் சொல்லு. பணமா, ஆடா?"

"உனக்குப் பணத்தையா கொண்டாந்து நீட்டுவேன்? ஆடுதான். கொழுத்ததா."

"அந்த ஆட்டோட விலைய இப்பக் குடு. நான் செத்தா வெறுங்கையோட வா. வந்து சத்தமா அழு, போதும்."

ஒரு கிழவி எழுந்து தன் காலணியைத் தேடினாள். உயிரோடு இருக்கும்போதே சாவு மொய் கேட்பது மரணத்துக்கு வாசலைத் திறந்துவைப்பது என்று முணுமுணுத்தாள். அக்கா எல்லோரையும் பார்த்து, யாரும் இப்போது பதில் சொல்ல வேண்டாம், அடுத்த வியாழன் இங்கேதான் இருப்பேன் என்றார். கொடுத்தவர்கள் தன் சாவுக்கு ஒன்றும் தரவேண்டியதில்லை, தன் வாயால் சொன்னதற்கு இத்தனை பேர் சாட்சி என்றும் சொன்னார்.

அவருடைய ஒரே மகன் எர்மெக் பக்கத்து ஊருக்கு வேன் ஓட்டுகிறான். செய்தி அவனிடம் பயணிகள் வழியாகவே போயிருக்கிறது. மறுநாள் நான் சங்கத்து ஜன்னல் இடுக்குகளில் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தபோது வந்தான். சலாம் சொன்னான், தொப்பியைக் கழற்றவில்லை.

"அம்மா, இந்த ஊர்ல எந்தச் சாவுக்கு நாம குடுக்காம இருந்தோம்? வண்டிக் கடன் இருந்தப்பகூடக் குடுத்தேன். அதெல்லாம் ஒருநாள் என் வாசலுக்குத் திரும்பி வரணும். நீ அத அடுப்புல போடற."

"என்னைச் சின்னதா அடக்கம் பண்ணு. ஒரு ஆடு போதும்."

"ஒரு ஆட்டோட பண்ணா என் மூஞ்சில துப்புவாங்க. பெத்தவள எடுத்துப்போட வக்கில்லாதவன்னு என் பிள்ளைங்க காதுபடச் சொல்லுவாங்க. அப்ப நீ இருக்கமாட்ட. நான் இருப்பேன்."

அக்கா டீயை எடுத்து அவனுக்கு ஊற்றினார். களைப்பில் கவனிக்கவில்லையா, வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தாரா தெரியாது, கோப்பை விளிம்புவரை நிறைந்துவிட்டது. எர்மெக் அதைப் பார்த்தான். தொடாமல் எழுந்து போனான். அக்கா கொஞ்ச நேரம் கழித்து அந்த டீயைத் தானே குடித்தார், ஆறிப்போயிருந்தது. "அவன் சொல்றதும் சரிதான்" என்றார் என்னிடம். "ரெண்டு பக்கமும் சரியா இருந்தா என்ன பண்றது, வாத்தியாரே?" நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவன்.

வியாழன் வந்தது. காலை முழுவதும் ஒருவரும் வரவில்லை. ரிஸ்பெக் மட்டும் சுருதி சேர்ப்பதும் கலைப்பதுமாக இருந்தான். ரஷ்யாவுக்குப் போக அவன் டிக்கெட் விலை விசாரித்திருப்பது எல்லோருக்கும் தெரியும். அக்கா சாவியை மேசைமேல் எடுத்து வைத்திருந்தார்.

முதலில் ஜோல்டோஷ் வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் நோட்டுகளை அக்காவின் மடியில் வைத்தான். மொய் வைத்த கை தானாகவே மேலே போனது. இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தி, இறந்தவருக்கான துஆவைத் தொடங்கிவிட்டான். நாலு வார்த்தை போனபிறகுதான் எதிரே இருப்பவரைப் பார்த்தான். கைகள் அந்தரத்தில் நின்றன, காது நுனிவரை சிவந்தது.

"நிறுத்தாத" என்றார் அக்கா. "பாதில விட்டா நல்லதில்ல. முடி."

அவரும் கைகளை ஏந்தினார். ஜோல்டோஷ் மெல்ல ஓதி முடித்தான். இருவரும் உள்ளங்கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். "நல்லாத்தான் ஓதற" என்றார். "அன்னைக்கும் இதே மாதிரி ஓது. கறிக்கடைல கூவற மாதிரி கூவாத." ஜோல்டோஷ் சிரிக்கப் பார்த்தான், மூக்கை உறிஞ்சினான். பிறகு வெளியே போய்விட்டான்.

அதன்பின் ஒவ்வொருவராக வந்தார்கள். காலணி தேடிய கிழவியும் வந்தாள், திட்டிக்கொண்டே கொடுத்தாள். நான் என் உறையை நீட்டியபோது அக்கா வாங்கவில்லை. கையில் ஏற்றி இறக்கக்கூட இல்லை. "உன் பொண்டாட்டி போயி இன்னும் வருஷம் திரும்பலப்பா. அவ வருஷச் சோத்துக்கு வெச்சுக்க" என்று என் பையிலேயே திரும்பச் செருகினார்.

மதியத்துக்குமேல், உள்ளே வருகிறவர்களின் முகம் மாறியிருந்தது. வந்ததும் ஒருமுறை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஜன்னலுக்குப் போனேன். கதவுக்கு வலப்பக்கம், பனியில், எர்மெக் நின்றிருந்தான். எங்கள் பக்கம் சாவு வீட்டில் மகன்கள் நிற்கிற இடம் அது. வேன் தெருமுனையில் நின்றது. தலை குனிந்திருந்தான். வருகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு கைகளையும் நீட்டினான், அவர்களும் வேறு வழி தெரியாமல் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, பிறகு உள்ளே வந்தார்கள்.

அக்காவிடம் சொன்னேன். அவர் எழுந்து வந்து, ஜன்னலில் நெடுநேரம் பார்த்தார். பிறகு மூலையிலிருந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

முக்காலியை அவன் காலடியில் பனியைத் தள்ளிவிட்டு வைத்தார். "உக்காரு. காலைல இருந்து வண்டில உக்காந்த முதுகு."

"மகன் உக்காரக்கூடாதும்மா" என்றான் எர்மெக், தலை நிமிராமல்.

தெருவில் இரண்டு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். அக்கா அவர்களைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு அந்த முக்காலியில் தானே உட்கார்ந்து, தலையை அவன் இடுப்போரம் சாய்த்து, கண்களை மூடிக்கொண்டார்.