டிரம்மைக் கழற்றிய ஞாயிற்றுக்கிழமை

குறை கண்டுபிடிப்பது என் தொழில். நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். தைத்து வரும் பீஸை மேசையில் விரித்து, முன்பக்கம், பின்பக்கம், கழுத்து, அடிமடிப்பு என்று பார்த்து, தையல் விட்ட இடத்திலோ எண்ணெய்க் கறை பட்ட இடத்திலோ சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாகத் தள்ள வேண்டும். இருபது வருடமாக இதைத்தான் செய்கிறேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று மேனேஜரே பலர் முன்னால் சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்ட கண்ணோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததில்லை.

என் கணவர் நிட்டிங் மிஷின் ஃபிட்டர். எந்த மிஷின் நின்றாலும் அவர் போய்க் காதை வைத்துக் கேட்டுவிட்டு, எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். அதிகம் பேசமாட்டார். அவர் பேசாததையும் சேர்த்து நான் பேசுவேன்.

போன ஐப்பசியில் குன்னத்தூரில் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் கார் மூன்று கை மாறி வந்தது. அண்ணன் அன்றுதான் புதுக் கார் எடுத்திருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. ஏழாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்து, எங்கள் இருவருக்கும் இடையில் தலையை நீட்டிக்கொண்டு வந்தாள். நான் பேசிக்கொண்டு வந்தேன். அண்ணனுடைய வண்டி, அண்ணனுடைய வீடு, அண்ணனுடைய சாமர்த்தியம், இவருக்கு அதில் ஒன்றும் இல்லாதது. முன்னால் துணி ஏற்றிக்கொண்டு ஒரு டெம்போ ஊர்ந்துகொண்டிருந்தது. "இந்த டெம்போவத் தாண்டறதுக்குக்கூடத் துப்பில்லீங்களா உங்களுக்கு?" என்று கேட்டேன். டெம்போ நின்றது. நாங்கள் நிற்கவில்லை.

எனக்கு மணிக்கட்டில் சிராய்ப்பு. அவருக்கு ஒன்றுமில்லை. மகள் சீட்டுகளுக்கு நடுவே பறந்து வந்து கியரின் மேல் முகம் குப்புற விழுந்தாள். முன்பற்கள் இரண்டும் போய்விட்டன. முகவாயில் தையல் போட்டார்கள். பால் பற்கள் இல்லை, இனி முளைக்காது.

"மழத்தண்ணி பின்சக்கரத்து பிரேக் டிரம்முக்குள்ள போயிருச்சுங்க. பிரேக் புடிக்கல." டெம்போக்காரரிடம் இதைத்தான் சொன்னார். டாக்டரிடமும் என் அண்ணனிடமும் இதைத்தான் சொன்னார். மகள் கண் விழித்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் கேட்காமலேயே சொன்னார். "பிரேக்கு, கண்ணு. அந்தப் பிரேக்குதான்."

முகம் ஆறியது. ஆனால் மகள் அதற்குப் பிறகு காரில் ஏறவில்லை. பஸ்ஸில் ஏறுவாள், அப்பாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போவாள். நாங்கள் இருவரும் கிளம்பிக் கார்க் கதவைத் திறந்தால் மட்டும் வீட்டுக்குள் போய்விடுவாள். ஏன் என்று கேட்டால் பதில் வராது. நானும் அதட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அவளை மறுபடி காரில் உட்கார வைப்பது ஒன்றுதான் அவருக்கு வேலையாகிவிட்டது. பங்குனியில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "பின்னாடி டிரம்மக் கழட்டிப்போட்டு டிஸ்க் பிரேக்கு மாத்திடலாம்னு இருக்கேன். தண்ணி பட்டாலும் டிஸ்க்கு புடிக்கும். அவ கண்ணு முன்னாடியே மாத்துனா பயம் போயிரும்."

"அவ பிரேக்கப் பாத்துப் பயப்படலீங்க. உங்களப் பாத்துத்தானுங்க பயப்படறா," என்றேன். எங்கள் பக்கத்துப் பேச்சில் ஒரு வசதி இருக்கிறது. என்ன சொன்னாலும் கடைசியில் 'ங்க' போட்டுவிடலாம். கன்னத்தில் அறைகிற பேச்சும் மரியாதையாகக் கேட்கும். அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

கோயம்புத்தூரில் பழைய வண்டி உடைக்கும் கடைகளில் இரண்டு வாரம் அலைந்து, எங்கள் காரைச் செய்த அதே கம்பெனியின் பெரிய காரிலிருந்து இரண்டு டிஸ்க்கும் அவற்றைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் கொண்டுவந்தார். காலிப்பரை அச்சோடு சேர்த்துப் பிடிக்க இரும்பு பிராக்கெட் வேண்டும். அது எங்கும் கிடைக்காது. அட்டையில் வரைந்து வெட்டி, வைத்துப் பார்த்து, மறுபடி வெட்டி, அந்த அட்டையை முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு லேத்துக் கடையில் கொடுத்து இரும்பில் செய்து வாங்கினார். வீட்டில் அட்டைத் துண்டுகள் கிடந்த நாட்களில், "பொம்ம கார் செய்யறீங்களா?" என்று தினமும் ஒருமுறை கேட்டேன். கேட்காவிட்டால் எனக்கு அன்றைய நாள் முடியாது.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் காரை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு வைத்து, பின்சக்கரம் இரண்டையும் கழற்றினார். மகளைக் கூப்பிட்டு வாசற்படியில் உட்கார வைத்தார். டிரம் இறுகிப் பிடித்திருந்தது. சுற்றிச் சுற்றித் தட்டி, அரை மணி நேரம் போராடி வெளியே இழுத்தார். கறுப்புத் தூசி கொட்டியது. "பாத்தியா கண்ணு, இதுதான் அன்னைக்கு நம்மள ஏமாத்துனது," என்றார் மகளிடம்.

நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கழற்றி வைத்த, டிரம்மின் உட்புறத்தில் அழுந்திச் சக்கரத்தை நிறுத்தும் பிரேக் ஷூ இரண்டையும் எடுத்தேன். தேய்ந்த ஷூ எப்படி இருக்கும் என்று இந்த வேலைக்காக அவர் பார்த்த வீடியோக்களில் நானும் பார்த்திருந்தேன். பீஸ் பார்ப்பதுபோல் பார்த்தேன். முன்பக்கம், பின்பக்கம், ஓரம். உரசும் லைனிங் கனமாக, ஒரே சீராக இருந்தது. விரிசல் இல்லை. ஆயில் கசிந்த ஈரம் எங்கும் இல்லை. ஸ்பிரிங்குகள் புதிதுபோல் இருந்தன.

"ஏனுங்க, இதுல என்னுங்க கொறை?"

"தண்ணி போனா வழுக்கும். பாத்தாத் தெரியாது."

"அதே மழையில அதே வண்டியிலதானுங்க இவளத் தூக்கிப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்க வாசல்ல சொன்ன எடத்துல நின்னுச்சே. டெம்போவப் பாத்தா மட்டும் தண்ணி வழுக்குமுங்களா?"

மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தோடு நான் உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. முன்பற்கள் இல்லாமல் அவள் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலை இறக்கி வைக்க ஒரு ஆள் எனக்கு வேண்டியிருந்தது. உள்ளே போய்க் கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்துவந்தேன். ஒன்றை உரித்து அவர் சட்டையில், இடது மார்பில், அம்பு அவர் முகத்தைக் காட்டும்படி ஒட்டினேன்.

"பிரேக்கு பாஸுங்க. ரிஜெக்ட் இங்கதானுங்க இருக்குது."

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அவருடைய இரண்டு கையிலும் கிரீஸும் தூசியும் அப்பியிருந்தன, பிய்க்கவும் முடியவில்லை. ஒருமுறை குனிந்து அதைப் பார்த்தார். பிறகு காருக்கடியில் படுத்து வேலையைத் தொடர்ந்தார். மாலை குளிக்கப் போகும்வரை அதோடுதான் இருந்தார். மகள் எப்போது எழுந்து போனாள் என்று எனக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வேலை அடுத்த மூன்று ஞாயிறும் இழுத்தது. அச்சில் பிராக்கெட்டை முடுக்கி, டிஸ்க்கை ஏற்றி, அதைக் கவ்வும்படி காலிப்பரை மாட்டினார். ஹேண்ட் பிரேக் கேபிள் நீளம் போதவில்லை. அதற்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. அதுவரை சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்திருந்தார். நான் தெருவில் போகிறவர்களிடம், "எங்க ஊட்டு வண்டிக்கு இப்ப செங்கல் பிரேக்குங்க," என்று சொன்னேன்.

கடைசியாகப் பிரேக் ஆயில் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு ஆள் தேவை. ஒருவர் பெடலை அமுக்கிப் பிடித்திருக்க, இன்னொருவர் சக்கரத்தருகே சிறு திருகைத் திறந்து காற்றையும் ஆயிலையும் வெளியே விட்டு மூட வேண்டும். மூடும்வரை காலை எடுக்கக்கூடாது, எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்.

"அமுக்கு... புடிச்சுக்க. நான் சொல்ற வரைக்கும் உடாத."

விட்டேன். முதல் தடவை கால் வழுக்கிவிட்டது. இரண்டாவது தடவை வேண்டுமென்றே விட்டேன். வெயிலில், மண்ணில் முழங்கையை ஊன்றிக் கிடந்த மனிதர் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்டது. வேண்டுமென்றே செய்தேன் என்று அவருக்குத் தெரியும். "பரவால்ல. மொதல்ல இருந்து," என்றார். மூன்றாவது தடவை ஒழுங்காகப் பிடித்தேன்.

சோதித்துப் பார்க்கத் தொழிற்பேட்டைக்குப் போனோம். ஞாயிறு மதியம் அங்கே ரோடு காலியாக இருக்கும். நானும் அவரும் மட்டும். வேகமாகப் போய் மிதித்தார். கார் இழுக்காமல், பின்பக்கம் ஒதுங்காமல், நேராக நின்றது. தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் விட்டு எடுத்து மறுபடி மிதித்தார். நின்றது. அவர் முகத்தில் ஏழு மாதத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது.

"அன்னைக்கும் நின்னிருக்குமுங்க," என்றேன், "காலத் தூக்கி பிரேக்கு மேல வெச்சிருந்தா."

அவர் வண்டியைத் திருப்பினார்.

அடுத்த ஞாயிறு காலை காரைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தினார். மகளை அழைத்துப் புது டிஸ்க்கைச் சக்கர இடுக்கு வழியாகக் காட்டினார். "இனி ஒண்ணும் ஆகாது சாமி. ஒரே ஒரு ரவுண்டு. பயமாருந்தா எறங்கிக்கலாம்." அவள் டிஸ்க்கையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு வந்தேன். முன்கதவில் கை வைத்தேன்.

மகள் ஓரடி பின்வாங்கினாள்.

"அப்ப நான் வரலீங்ப்பா," என்றாள்.

"ஏன் கண்ணு? பிரேக்குதான் மாத்தியாச்சே?"

"பிரேக் நல்லாருக்குதுங்ப்பா. எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு." பிறகு என்னைப் பார்க்காமல், என்னிடம் சொன்னாள். "நீங்க வர வேண்டாங்ம்மா. நீங்க இல்லீன்னா நான் போறேன்."

குரலில் கோபம் இல்லை. எல்லாவற்றுக்கும் 'ங்' போட்டிருந்தாள். நான் கதவிலிருந்து கையை எடுத்தேன். அவள் பின்சீட்டில் ஏறி, தானே கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்துத் தயங்கினார். "போங்க," என்றேன். கார் தெருமுனை திரும்பிப் போனது.

உள்ளே போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்று வளர்த்தவளிடம் என்ன பேச்சு இது என்று சுவரோடு சண்டை போட்டேன். பிறகு டெம்போ நின்ற அந்த நேரம் கண் முன்னால் வந்தது. 'துப்பில்லீங்களா' என்று நான் கேட்டதும் அவர் ரோட்டைவிட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பினார். மகளின் தலை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. அவர் முகத்தையும் என் முகத்தையும் அத்தனை கிட்டத்தில் பார்த்தவள் அவள் ஒருத்திதான். தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கார் வந்து நின்றது. அவர் மட்டும் இறங்கினார். வாசலுக்கு ஓடினேன்.

"நீங்க சொல்லிக் குடுத்தீங்களா அவளுக்கு?"

"நான் ஏழு மாசமா பிரேக்குன்னுதான் சொல்லிட்டிருக்கேன்," என்றார் மெதுவாக. "அவ நம்பிட்டா உம்மேல வெறுப்பு போயிரும்னு பாத்தேன்."

வாசற்படியில் இறங்கிக் கேட்டேன். "ரொம்ப பயந்தாளா? வழியில என்ன பேசுனா?"

"ஒண்ணும் பேசல. மெயின் ரோடு ஏர்றதுக்குள்ள தூங்கிட்டா. எழுப்ப மனசு வராம சுத்திக்கிட்டே இருந்தேன்."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பின்சீட்டில் காலை மடக்கிக்கொண்டு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கி உள்ளே கொண்டுபோகலாம் என்று கதவுப் பிடியில் கை வைத்தேன்.

"நீ உள்ள போ," என்றார். "கண்ணத் தொறந்ததும் உன்னையப் பாத்தா மறுபடி பயந்துக்குவா. நானே எழுப்பிக் கூட்டிட்டு வர்றேன்."