தை மாதத் தேதி போட்ட படம்

பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையைத் தாண்டும்போது மணி பன்னிரண்டு இருக்கும். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, பிளாஸ்டிக் டப்பாவில் பதினோரு ஃப்ளாப்பி. அறைச் சாவியை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, வீட்டுக்கார அம்மாவிடம்கூடச் சொல்லாமல் வந்திருந்தேன். ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயில் போய், முதலில் வரும் ரயிலில் ஏறிவிடுவது திட்டம். பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் அந்த ரோட்டில் எந்த பஸ்ஸில் ஏறினாலும் எங்கள் கம்பெனி ஆள் ஒருவனாவது இருப்பான். அவன் பார்த்தால் சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரிக்குச் செய்தி போய்விடும்.

ஆஸ்பத்திரியில் இருந்தவன் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன். பிரஸ் மெஷினில் வலது கை மூன்று விரல் போய்விட்டது. மறுநாள் காலை பத்து மணிக்குக் கம்பெனி ஆபீசுக்கு வந்து அவனுக்காக ஒரு வார்த்தை சொல்கிறேன் என்று அவனுடைய அண்ணனிடம் ஒப்புக்கொண்டு இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

ரோட்டின் இரண்டு பக்கமும் அப்போது வயல்கள் வயலாகவும் இல்லை, கம்பெனியாகவும் இல்லை. சர்வே கல் நட்டுச் சிவப்பில் எண் எழுதியிருந்தார்கள். ஓர் இடத்தில் பெரிய இரும்பு கேட் நின்றது, அதற்குச் சுவரே இல்லை. சுவர் இல்லாத அந்த கேட்டை ஒரு வாட்ச்மேன் பூட்டிவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார். நான் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தபோதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். திருப்பூரில் பனியன் கம்பெனி, பிறகு ஓசூரில் ஒரு பேனர் கடை. கடைக்காரர் சாப்பிடப் போகும் நேரத்தில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படம் போடக் கற்றுக்கொண்டேன். எந்த ஊரிலும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. ஏதாவது ஒன்று கழுத்தைப் பிடிக்கும் என்று தெரிந்தால் முதல் நாளே கிளம்பிவிடுவேன். சுனாமிக்கு அடுத்த வருடம் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து, ஒரு கான்ட்ராக்டர் மூலம் பேக்கிங் வேலையில் சேர்ந்தேன். காருக்கு இரும்புப் பாகம் அடித்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனி.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்காருவேன். மௌசுக்குள் உருண்டை இருந்த காலம். அதைக் கழற்றி நகத்தால் அழுக்கைச் சுரண்டினால்தான் கோடு நேராக வரும். பெயிண்ட் புரோகிராமில் தப்பு செய்தால் மூன்று தடவைதான் பின்னால் போக முடியும். நான் போட்டதெல்லாம் மனதில் தோன்றிய ஆட்கள்: ஆந்தைக் கண் வைத்த வாட்ச்மேன், ஆறு கையோடு டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர், தண்ணீர் லாரி மேல் உட்கார்ந்து போகும் ராணி. இப்படிப் படம் போடுகிறவர்கள் கூடும் வெளிநாட்டுத் தளம் ஒன்றில் ஏற்றுவேன். ஒருமுறை ஒருவன், தான் எழுதும் கதையில் வரும் வீரனை வரைந்து தந்தால் இருபது டாலர் தருவதாக எழுதினான். சென்டர்காரர்தான் படித்துச் சொன்னார்.

"உன்கிட்ட பேங்க் அக்கவுண்ட் கீதா?"

"இல்லண்ணா."

"ரேஷன் கார்டு?"

"இல்ல."

"அப்ப அவன் துட்ட காக்கா கால்ல கட்டி அனுப்புவானா? சும்மா போட்டுக் குடு நைனா, நல்லா கீதுன்னு ஒரு வார்த்தை சொல்லுவான்."

சும்மாதான் போட்டுக் கொடுத்தேன். நல்லா இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதினான்.

படத்துக்கு முதன்முதலில் பணம் கொடுத்தது எங்கள் சூப்பர்வைசர். பேக்கிங் அட்டையில் நான் கிறுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, பாதுகாப்பு போஸ்டர் போட்டுத் தருவாயா என்று கேட்டார். ஹெல்மெட் போட்ட ஒரு தொழிலாளியை உருவாக்கினேன். விரிந்த காது, முன்பல் உடைந்த சிரிப்பு. அது அறையில் எதிரே படுத்திருப்பவனின் முகம். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். போஸ்டர் கேண்டீன் சுவரில் ஏறிய அன்று தட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தான்.

"ஏலே, அது நாந்தான?"

"நீதான்."

"என்னயக் கேட்டியா?"

"வேற மூஞ்சி மௌசுல வரமாட்டேங்குது."

"துட்டு மட்டும் வருதோ? ஞாயித்துக்கெழம புரோட்டா ஒன் செலவு."

அதிலிருந்து கம்பெனி வேனில் அவனுக்கு 'சேஃப்ட்டி' என்று பெயர் வந்துவிட்டது. "சேஃப்ட்டி வருது, கால மடக்குங்கடா" என்பார்கள். அவனுக்கு அதில் கோபமில்லை. ஊருக்கு போன் பேசும்போது, தன் படத்தைக் கம்பெனியில் மாட்டியிருக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னான்.

ஷூ போடு, கண்ணாடி போடு, லைனில் பாக்கு போடாதே என்று ஏழெட்டுப் படம் வந்தது. எல்லாவற்றிலும் வலது மூலையில் சின்னதாகத் தேதி போடுவேன். ஓவியர்கள் அப்படிப் போடுவார்கள் என்று நினைப்பு. ஆடிட் வந்தபோது மாதத்துக்கு ஒரு போஸ்டர் இருக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் பழைய தேதிகளைப் போடச் சொன்னார். போட்டேன். ஆடிட் என்றால் எல்லாக் கம்பெனியிலும் பழைய தேதிதான்.

பிரஸ் மெஷினில் இரண்டு பட்டனை இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் தகட்டை அழுத்தும் மேல் அச்சு, டை, இறங்கும். கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. எங்கள் லைனில் ஒரு பட்டனில் மரக்கட்டையைச் செருகி வைத்திருந்தார்கள். ஒரு கையால் பட்டனை அமுக்கி, இன்னொரு கையால் தகட்டை வைத்தால் எண்ணிக்கை கூடும். செருகச் சொன்னவர் சூப்பர்வைசர். எல்லாருக்கும் தெரியும்.

பிரஸ் சத்தம் சாப்பாட்டு நேரத்தில்தான் நிற்கும். அன்று பத்தரைக்கே நின்றது. பேக்கிங்கில் நாங்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கினோம். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது என் அறைக்காரனை வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். ரத்தத்தை இன்னும் துடைக்கவில்லை. கட்டையை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் ஞாயிறு. சூப்பர்வைசர் பைக்கில் பிரௌசிங் சென்டருக்கே வந்தார். அதற்கு முன் வந்ததில்லை. பட்டனில் கட்டையைச் செருகிவிட்டு உள்ளே கை விடுகிறவன், மேலே சிவப்பில் பெருக்கல் குறி. அதுதான் அவர் கேட்ட படம்.

"மூஞ்சி, சார்?"

"அதே மூஞ்சிதான். எல்லாருக்கும் பழகின மூஞ்சியாச்சே. தேதி தை மாசத்துல போட்டுடு. ஆடிட் வருது."

அப்போது ஆனி மாதம். எனக்குப் புரியவில்லை என்று இப்போது எழுதினால் பொய். மௌசில் வரையவே முடியாதது மனிதக் கை. எனக்கு விரல்கள் எப்போதும் வாழைச்சீப்பு மாதிரிதான் வரும். அன்று வலது கை, ஐந்து விரலோடு, ஒரு தடவைகூடப் பின்னால் போகாமல் வந்தது. அவர் பின்னால் நின்று பார்த்தார். வழக்கத்தைப் போல மூன்று மடங்கு கொடுத்தார். "டிரெய்னிங் ரூமுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கறோம். உன்ன உக்கார வெச்சிடலாம்னு இருக்கேன். மாசச் சம்பளம். படம் போடறதுதான் வேலை" என்றார்.

அவனுடைய அண்ணன் உப்பளத்தில் வேலை செய்கிறவர். பாதம் முழுக்க வெடிப்பு. அறைக்கு வந்து, உட்காரச் சொன்னபோதும் நின்றுகொண்டே ஒரு ஜெராக்ஸை நீட்டினார். என் படம்.

"இது நீங்க வரைஞ்சதா தம்பி?"

"ஆமாண்ணே."

"இந்தா பாரு, ஒன் தம்பி மூஞ்சியவே போட்டு தை மாசமே எச்சரிச்சிருக்கோம், அப்புறமும் அவனே கட்டையச் சொருவிக் கைய விட்டுருக்கான், கம்பெனி ஒண்ணும் தர வேண்டியதில்லங்காக. எரக்கப்பட்டு ஏதோ தருவாகளாம், நாளைக்குப் பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போடணுமாம். தம்பி இப்படி ஒரு படத்தச் செவுத்துல பாத்ததே இல்லங்கான். அவம் பொய் சொல்ல மாட்டான்."

நான் ஜெராக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தேதி உள்ளதுதானா தம்பி? அத மட்டும் சொல்லுங்க."

"இல்லண்ணே. போன வாரம் போட்டது."

அவர் கும்பிட்டுவிட்டார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். "நாளைக்கு வந்து இந்த ஒரு வார்த்தைய அவுக முன்னால சொல்லிருங்க. அவனுக்கு இனி வலது கையில வேல இல்ல" என்றார். வருகிறேன் என்றேன். அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதும் பையை எடுத்தேன்.

வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குத் திரும்பும் இடத்தில் கிருத்திகைக் கூட்டம். டீக்கடையில் ஒதுங்கினேன். டீ போட்டவர் என் பையைப் பார்த்தார்.

"எந்தக் கம்பெனிப்பா?"

"எதுவும் இல்லண்ணா."

"கம்பெனியும் இல்ல, கையில மாலையும் இல்ல. இந்த ரோட்ல இன்னா வேலை உனக்கு?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கடையில் ஒரு ரூபாய் போன் தொங்கியது. என்னிடம் இருந்தது ஒரே ஒரு எண். கம்பெனிக்கு வர முடியாது, வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்லத்தான் போட்டேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எங்கடா கீற? அண்ணங்காரன் உன் ரூமுக்கு வந்தானாமே" என்றார் சூப்பர்வைசர்.

"வந்தாரு சார்."

"இன்னா சொன்ன?"

போனில் காசு தீரும் சத்தம் வந்தது. இன்னொரு ரூபாய் போட்டேன்.

"சொன்னத வுடு. நாளைலருந்து நீ ஸ்டாஃப். ஸ்டாஃப் இந்த மாதிரி மேட்டர்ல வாயத் தெறக்கறதில்ல. எட்டு மணிக்கு வந்துடு. மெயின் கேட் வேணாம், பின்பக்கமா வா."

"கம்ப்யூட்டர் வந்துடுச்சா சார்?" என்று கேட்டேன்.

வந்துவிட்டது என்றார்.

காலையில் எட்டுக்கு முன்பே போய்விட்டேன். டிரெய்னிங் ரூமில் மானிட்டர் மேல் பிளாஸ்டிக் உறைகூட எடுக்கவில்லை. கேண்டீனுக்கு ஒரு போஸ்டர் வேண்டும், சோற்றை வீணாக்காதே என்று, அதுதான் முதல் வேலை. யார் முகம் என்று கேட்டேன். எதையாவது போடு என்றார் சூப்பர்வைசர்.

அறைக்குக் கண்ணாடி ஜன்னல். அதன் வழியே வரவேற்பில் போட்டிருந்த பெஞ்சு தெரியும். பத்துக்குக் கால் மணி முன்பே அண்ணன் வந்து உட்கார்ந்தார். வெளுத்த வெள்ளைச் சட்டை, மடியில் மஞ்சள் பை. எனக்கு முதுகு காட்டி மெயின் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட் திறக்கும் ஒவ்வொரு தடவையும் பாதி எழுந்தார். பத்தரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். போகும்போதும் ஒருமுறை கேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, "முடிஞ்சுது. பஸ் சார்ஜும் சேத்துக் குடுத்துட்டாங்க" என்றார். பதினொன்றுக்கு டீ வந்தது. தொழிலாளிகளுக்குப் பேப்பர் கப், ஸ்டாஃபுக்குப் பீங்கான். குடித்துவிட்டு, தட்டில் மீந்த சோற்றுக்கு வெள்ளை போடுவதா, குழம்பு பட்ட மாதிரி கொஞ்சம் மஞ்சள் போடுவதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.